சாயர்புரத்துக் காலண்டரில் ஒரு சீனக் குதிரை

சாயர்புரம் கடைத்தெருவில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அச்சடித்த ஊர் பெரும்பாலும் சிவகாசியாக இருக்கும். அதில் 2026 பிப்ரவரி 17 தாளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விசுவாவசு வருடம், மாசி 5, செவ்வாய்க்கிழமை, அமாவாசை, ராகு காலம் 3 முதல் 4.30 வரை. இரண்டு தாள் முன்னால் போனால் மகா சிவராத்திரி. ஒரு தாள் பின்னால் போனால் சாம்பல் புதன். லெந்து காலம் ஆரம்பம். அதே வாரத்தில் காயல்பட்டினத்தில் ரமலான் பிறைக்காக மேற்கு வானத்தில் கண் வைத்திருப்பார்கள்.

அந்தத் தாளில் அச்சாகாத செய்தி ஒன்று உண்டு. சீனர்களின் புத்தாண்டும் அன்றுதான். பாம்பு வருடம் போய், குதிரை வருடம் பிறக்கிறது.

இருப்பது ஒரே நிலா. அது மறைந்த நாளைச் சுற்றி நாலு சமூகத்தார் நாலு விதமாக நாள் குறித்துக்கொள்கிறார்கள். சீனப் புத்தாண்டு என்றதும் டிராகன் ஆட்டமும் சிவப்பு விளக்கும் டிவியில் பார்த்த ஞாபகம் வரும்; ஏதோ தொலைதூரத்து விசித்திரம் என்று சேனலை மாற்றிவிடுவார்கள். கணக்கை மட்டும் பிரித்துப் பார்த்தால், அது நம் வீட்டு அமாவாசைதான்.

சீன மாதம் அமாவாசை அன்று பிறக்கும். அதனால் பௌர்ணமி பதினைந்தாம் தேதியை ஒட்டியே வந்து நிற்கும். எந்த அமாவாசை புத்தாண்டு என்பதற்கும் விதி இருக்கிறது. டிசம்பர் 21, 22 வாக்கில் பகல் மிகக் குறுகி, பிறகு வளரத் தொடங்குமே, அந்த நாளுக்குப் பின் வரும் இரண்டாவது அமாவாசை. அபூர்வமாகச் சில வருடம் மூன்றாவது. ஆக, ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20, 21க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நம் கணக்கில் அது தை அமாவாசையாக இருக்கும். தப்பினால் மாசி அமாவாசை. 2023ல் தை அமாவாசை ஜனவரி 21, சீனப் புத்தாண்டு 22. 2024ல் பிப்ரவரி 9, 10. 2025ல் இரண்டுமே ஜனவரி 29. அன்று காலை திருச்செந்தூர்க் கடலோரத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தர்ப்பணம் கொடுத்தார்கள். அதற்கு முந்தின இரவில், பழைய முறை மாறாத சீன வீடுகளில் முன்னோர் பலகைக்குச் சாப்பாடு படைத்துவிட்டுத்தான் குடும்பம் பந்தியில் உட்கார்ந்திருக்கும். யாரும் யாரையும் பார்த்துச் செய்ததில்லை. 2026ல் தை அமாவாசை ஜனவரி 18லேயே வந்துவிட்டதால் சீனர்கள் ஒரு மாதம் பொறுக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பண்டிகையை ஆங்கிலக்காரர் பழக்கத்தில் சந்திரப் புத்தாண்டு என்கிறோம். அது பாதி உண்மை. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய வருடத்துக்கு 11 நாள் குறையும். குறையை அப்படியே விட்டால் பண்டிகை வருடாவருடம் முன்னே நகரும். ரமலான் மழையிலும் வெயிலிலும் மாறி மாறி வருவது அதனால்தான். சீனர்கள் 19 வருடத்துக்கு ஏழு தடவை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகிச் சரிசெய்வார்கள். 2025ல் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது அப்படித்தான். தெலுங்கர், கன்னடர் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் என்று வருவதும் இதே வேலை. சூரியனை மட்டும் நம்பிய தமிழ் மாதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை; பொங்கல் ஜனவரி 14, 15ஐத் தாண்டாது. சாயர்புரத்துக்காரர்களுக்கு இதை வேறு மாதிரி சொன்னால் சட்டென்று புரியும்: கிறிஸ்துமஸ் அசையாது, ஈஸ்டர் அசையும். வசந்த காலத்துச் சம இரவுக்குப் பின் வரும் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு. சூரியனையும் நிலாவையும் ஒரே நுகத்தில் பூட்டும் வேலை ஈஸ்டர் கணக்கிலும் உண்டு, சீனப் புத்தாண்டிலும் உண்டு.

சீனாவுக்கும் இந்தக் கரைக்கும் உள்ள பழக்கம் டிவி வந்த பிறகு ஏற்பட்டதல்ல. சாயர்புரத்துக்குப் பக்கத்திலேயே கொற்கையும் பழையகாயலும் இருக்கின்றன. தாமிரபரணி மண் தள்ளித் தள்ளிக் கடலைத் தூர விரட்டிவிட்டதால் இன்று பார்த்தால் இவை துறைமுகமாக இருந்தன என்றே நம்ப முடியாது. சாயர்புரத்தில் 1840களில் ஜி.யு. போப் செமினரி நடத்தினார் அல்லவா, அவர் காலத்து மிஷனரியான கால்டுவெல் பின்னாளில் காயல் பகுதியில் சுற்றியபோது, மைல் கணக்கில் உடைந்த ஓடும் பாண்டச் சில்லுமாகக் கிடப்பதையும், அதில் சீனப் பாண்டச் சில்லுகள் ஏராளமாக இருப்பதையும் எழுதிவைத்தார். மார்கோ போலோ சொல்லும் காயில் நகரம் இதுதான் என்றும் அவர் முடிவுகட்டினார்.

மார்கோ போலோவை இங்கே கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். இந்தக் கட்டுரைக்கு அவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. குப்ளாய் கானிடம் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், 1292ஐ ஒட்டி, பாண்டியர் கடற்கரையைத் தொட்டவர். (1292 சீனக் கணக்கில் டிராகன் வருடம்.) சீன ஜோசியத்தையும் தமிழ்நாட்டு ஜோசியத்தையும் ஒரே புத்தகத்தில் எழுதிவைத்த ஆள் அந்தக் காலத்தில் அவரைப் போல வேறு யார்?

கானின் தலைநகரில் ஐயாயிரம் ஜோசியர்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சோறும் துணியும் அரண்மனைச் செலவு என்கிறார். அவர்கள் வருடம் பிறக்கும் முன்பே மாதாமாதப் பலனைக் கணித்துச் சின்னப் புத்தகமாகக் காசுக்கு விற்பார்களாம். நம் பாம்புப் பஞ்சாங்கம் மாதிரி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு சுற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகம், எப்போது பிறந்தாய் என்று கேட்டால் மிருகத்தின் பேரைத்தான் சொல்வார்கள் என்றும் குறிக்கிறார். புலியைச் சிங்கம் என்று எழுதிவிட்டார், மன்னிக்கலாம்.

அதே கை, தமிழ்க்கரையைப் பற்றி எழுதும்போது என்ன சொல்கிறது? குழந்தை பிறந்ததும் நாள், நேரம், மாதம், நிலாவின் வயது எல்லாம் குறித்துவைக்கிறார்கள். கிழமைதோறும் ஒரு கெட்ட நேரம் உண்டு. அந்த நேரத்தில் பேரம் பேச மாட்டார்கள். திங்கட்கிழமைக்கு அவர் சொல்லும் நேரம் காலை ஏழரை மணி வாக்கு. மளிகைக் கடைக் காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை. மற்றக் கிழமைகளுக்கு அவர் கணக்கு நம் ராகு காலத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் எழுநூறு வருடத்துக்கு முன்பே இந்தக் கரை வியாபாரி மணி பார்த்துத்தான் கல்லாவைத் திறந்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

காயலைப் பற்றி அவர் அதிகம் எழுதியது குதிரையைப் பற்றித்தான். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இங்கே இறங்கும். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கியும், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போகும். விற்க வருகிறவர்கள் லாட வைத்தியரை வேண்டுமென்றே இங்கே வர விடுவதில்லை என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

மார்கோ போலோ வருவதற்குப் பத்துப் பதினோரு வருடம் முன்பு தமிழர்கள் அந்தப் பக்கம் போய்க் கோயிலே எழுப்பியிருந்தார்கள். சீனத் துறைமுகமான சுவான்சௌவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, கானின் நலத்துக்காக ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்கிறது. தேதி சக வருடம் 1203, அதாவது 1281; சித்திரை மாதம், சித்திரை நட்சத்திர நாள். சீனாவில் உட்கார்ந்துகொண்டும் நம்மவர் பஞ்சாங்கத்தை விடவில்லை. இலங்கைக் காலியில் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. 1911ல் ஒரு சாக்கடைப் பாலத்தின் மூடுகல்லாகக் கண்டெடுத்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. கப்பல் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. தமிழ்ப் பகுதி தெய்வந்துறையில் இருந்த தேனாவரை நாயனாரைப் புகழ்கிறது. சீனப் பகுதியில் தேதியோடு வருடத்தின் அறுபது சுற்றுப் பெயரும் இருக்கிறது. அது 1409, எருது வருடம். செங் ஹோவின் கப்பல்கள் போன ஊர்ப் பட்டியலில் காயலும் இருக்கிறது.

சரி, அந்தப் பன்னிரண்டு மிருகத்துக்கு வருவோம். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. வானுலகத்து அரசர் ஆற்றைக் கடக்கும் பந்தயம் வைத்தாராம். எலி எருதின் முதுகில் ஏறிச் சொகுசாக வந்து, கரை தட்டும் நேரத்தில் குதித்து முதலிடம் பிடித்தது. பூனை தூங்கிப்போய் வாய்ப்பைக் கோட்டைவிட்டது. எலிக்கும் பூனைக்கும் பகை அப்போது வந்ததென்று கதை. வியட்நாமியர் பூனைக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் வட்டத்தில் முயலின் இடத்தில் பூனை.

மிருகங்களோடு ஐந்து பூதமும் சேரும். நம் பஞ்சபூதம் அல்ல. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டு வருடம் நீடிக்கும்.

பிறந்த வருடத்துக்கு மிருகம் பார்க்க ஜோசியர் வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும். வருடத்தைப் பன்னிரண்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 4 வந்தால் எலி, 5 எருது என்று வரிசையாகப் போய் 11 ஆடு. மீதி இல்லாவிட்டால் குரங்கு, 1 சேவல், 2 நாய், 3 பன்றி. பூதத்துக்குக் கடைசி இலக்கம்: 4, 5 மரம்; 6, 7 நெருப்பு; 8, 9 மண்; 0, 1 உலோகம்; 2, 3 நீர். ஜனவரியிலோ பிப்ரவரி முதல் மூன்று வாரத்திலோ பிறந்தவர்கள் அந்த வருடத்துச் சீனப் புத்தாண்டு எப்போது வந்ததென்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் பிறந்திருந்தால் முந்தின மிருகம்தான்.

தூத்துக்குடிச் சீமைக்காரர்களுக்கே போட்டுப் பார்ப்போம். எட்டயபுரத்தில் 1882 டிசம்பரில் பிறந்த பாரதி: மீதி 10, நீர்க் குதிரை. கட்டுக்கு அடங்காதவர் என்று சீன ஜோசியர் தலையாட்டுவார். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1872ல் பிறந்தவர், நீர்க் குரங்கு; சமயோசிதக்காரர் என்பார்கள். 1820ல் பிறந்த போப் உலோக டிராகன். கால்டுவெல் 1814, மர நாய். விசுவாசத்துக்கும் மோப்பத்துக்கும் பேர்போனது. காயல் மண்ணைத் தோண்டிப் பார்த்தவருக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. எந்த மிருகத்தைப் போட்டிருந்தாலும் இப்படி ஒரு பொருத்தம் சொல்லியிருக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மிருகத்தை வைத்து மனிதனை அளப்பது நமக்குப் புதிதும் அல்ல. கல்யாணத்துக்குப் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று இருக்கிறதே. அசுவினிக்கு ஆண் குதிரை, சதயத்துக்குப் பெண் குதிரை, ரோகிணிக்குப் பாம்பு, பரணிக்கு யானை. எலி நட்சத்திரமும் பூனை நட்சத்திரமும் சேராது. பசுவுக்குப் புலி ஆகாது. சீனக் கணக்கில் ஆறு வருட இடைவெளி பகை, நாலு வருட இடைவெளி நட்பு. எலிக்கும் குதிரைக்கும் ஒத்துவராது. எலி, டிராகன், குரங்கு மூவரும் கூட்டாளிகள்.

வருட மிருகம் மட்டுமே சீன ஜாதகம் என்று நினைத்தால் அது தப்பு. முழு ஜாதகத்துக்கு வருடம், மாதம், நாள், நேரம் என நாலு தூண் வேண்டும். ஒரு நாளைப் பன்னிரண்டாகப் பிரித்து, இரண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மிருகம் வைத்திருக்கிறார்கள். இரவு 11 முதல் 1 வரை எலி நேரம். நமக்கும் நாளுக்குப் பன்னிரண்டு லக்னம், சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அங்கே நிலாவின் வழியில் 28 வீடு, இங்கே 27 நட்சத்திரம். கொடுக்கல் வாங்கலும் நடந்திருக்கிறது: தாங் அரசவையில் வானநூல் பார்த்த கௌதம சித்தர் இந்திய வம்சாவளிக்காரர், 718ல் நவக்கிரகக் கணக்கைச் சீனத்தில் பெயர்த்தவர் அவர்தான். ராகுவும் கேதுவும் சீன ஜோசியத்துக்குள் போய்ச் சேர்ந்தது இந்திய நூல்கள் வழியாகத்தான்.

அறுபது வருடச் சுற்று இரண்டு பக்கமும் உண்டு. பன்னிரண்டு மிருகமும், ஐந்து பூதம் இரட்டித்த பத்தும் சேர்ந்து சுற்றினால் அறுபதில்தான் பழைய ஜோடி திரும்பும். நம் பிரபவ, விபவ வரிசை, சூரியனைச் சுற்ற ஏறக்குறையப் பன்னிரண்டு வருடம் எடுக்கும் வியாழனின் ஐந்து சுற்று. இப்போது ஓடும் சீனச் சுற்று 1984ல் தொடங்கியது, தமிழ்ச் சுற்று 1987ல். மூன்றே வருட வித்தியாசம். திருக்கடையூரில் நடக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் சீனர்கள் அறுபதாம் பிறந்த நாளைப் பெரிதாகக் கொண்டாடுவதற்கும் காரணம் ஒன்றுதான்: பிறந்த வருடத்தின் பெயர் மறுபடி வந்துவிட்டது.

இனி வருவது வேடிக்கை இல்லை.

2026 வெறும் குதிரை வருடம் அல்ல, நெருப்புக் குதிரை. அறுபது வருடத்துக்கு ஒருமுறை வருவது. ஜப்பானில் இந்த வருடத்துக்குப் பெரிய பயம் உண்டு: நெருப்புக் குதிரையில் பிறந்த பெண் அடங்க மாட்டாள், புருஷனை விழுங்குவாள் என்று. அங்கே எடோ நகரத்தில் 17ஆம் நூற்றாண்டில் தீ வைத்ததற்காகக் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்ற பெண் அந்த வருடத்தில் பிறந்தவள் என்ற பேச்சில் வளர்ந்த பயம் இது. பழங்கதைதானே என்று விட முடியவில்லை. 1965ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 18 லட்சத்து 20 ஆயிரம். 1966, நெருப்புக் குதிரை வருடத்தில் அது 13 லட்சத்து 60 ஆயிரம். 1967ல் மறுபடி 19 லட்சத்தைத் தாண்டியது. புல்லட் ரயில் ஓடத் தொடங்கிய நாட்டில், பெண் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நாலில் ஒரு பங்குக் குழந்தை குறைந்தது.

சிரிக்கும் முன்னால் நம் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களைக் கரை சேர விடாமல் வைத்திருக்கிறோம்? ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தவனுக்கு ஆகாது என்று பட்டியல் வேறு. நட்சத்திரம் நாலாயிரம் மைலுக்கு அப்பாலும் பெண்ணின் தலையிலேயே வந்து விழுகிறது. ஜோசியத்தில் எதை வேண்டுமானாலும் ரசிக்கலாம். இதை மட்டும் ரசிக்க முடியாது.

1966க்கு முந்தின நெருப்புக் குதிரை 1906. தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்த வருடம். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டது நெருப்புக் குதிரைத்தனமா இல்லையா என்று ஜோசியர்கள் கேட்கலாம். பதினாறு வருடத்தில் ஒரு தடவை இப்படி ஒத்துப்போனால் நினைவில் நிற்கும், ஒத்துப்போகாத பதினைந்து மறந்துபோகும். அவ்வளவுதான் விஷயம்.

பண்டிகைக்கு வந்தால் மனசு லேசாகிவிடும். புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பு அடுப்படித் தெய்வம் வானுலகம் போய், அந்த வீட்டில் வருடம் முழுக்க நடந்ததை அறிக்கை கொடுக்கும் என்பது நம்பிக்கை. போட்டுக்கொடுத்துவிடாமல் இருக்க வீட்டார் என்ன செய்வார்கள்? ஒட்டும் இனிப்பைப் படைத்து வாயில் தடவிவிடுவார்கள். வாய் திறந்தாலும் இனிப்பாகத்தான் பேச வரும். தெய்வத்துக்கே அல்வா கொடுக்கிறார்கள் என்று தமிழில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். பசை அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் அந்தப் பண்டம், நிறத்திலும் வழவழப்பிலும் முதலூர் மஸ்கோத்து அல்வாவுக்குத் தூரத்துச் சொந்தம் போலவே இருக்கும்.

சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு. அவர்களைக் கேட்டால் அங்பாவ் பற்றிச் சொல்வார்கள். சிவப்பு உறையில் பணம், கல்யாணமானவர் ஆகாதவருக்குக் கொடுப்பது. இரட்டைப்படையில் கொடுக்க வேண்டும், ஆனால் நாலு ஆகாது; நாலும் சாவும் சீனத்தில் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும். நம் மொய்யில் ஒரு ரூபாயைக் கூட்டி 101 வைக்கிறோம். அங்கே ஒற்றைப்படையே கூடாது. மலேசியத் தமிழர்கள் இந்தப் பழக்கத்தைத் தீபாவளிக்கு இழுத்துக்கொண்டு ஊதா, மஞ்சள் உறையில் அங்பாவ் கொடுக்கிறார்கள். பினாங்கில் புத்தாண்டு பிறந்த எட்டாம் நாள் ராத்திரி ஹொக்கியன் வீட்டு வாசல்களில் முழுக் கரும்பைக் கட்டுவார்கள். படைக்குப் பயந்து கரும்புக்காட்டில் ஒளிந்து முன்னோர் பிழைத்ததற்கான நன்றி. பொங்கலுக்குக் கட்டிய கரும்பு காய்ந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழாவோடு கொண்டாட்டம் முடியும். அது பௌர்ணமி. 2025ல் பிப்ரவரி 11 தைப்பூசம், 12 விளக்குத் திருவிழா. 2024ல் பிப்ரவரி 24, மாசி மகத்தன்றே.

இந்தியாவிலேயே பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவுக்குப் போக வேண்டும். டாங்ரா பகுதியில் சிங்க ஆட்டம் நடக்கும். அங்கிருக்கும் சீனக் குடும்பங்கள் புத்தாண்டை ஒட்டி ஹூக்ளிக் கரையில் அச்சிப்பூர் என்ற ஊருக்குப் போய்க் கும்பிட்டு வருவார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்து சர்க்கரை ஆலை வைத்த டோங் அச்சுவின் பெயர்தான் ஊருக்கு. சர்க்கரையைச் சீனி என்றும், வாணலியைச் சீனச்சட்டி என்றும், படிகாரத்தைச் சீனாக்காரம் என்றும் சொல்லும் நமக்கு அந்த ஊர்ப் பெயர் புரியாமல் போகாது.

அடுத்த வருடத்துக் காலண்டர் கடைக்கு வந்ததும் 2027 பிப்ரவரி 6 தாளைப் புரட்டிப் பாருங்கள். சனிக்கிழமை, தை அமாவாசை என்று போட்டிருக்கும். பக்கத்தில் பென்சிலால் ஒரு ஆடு வரைந்துவைக்கலாம். அன்றைக்குத்தான் ஆடு வருடம் பிறக்கிறது.